உப்புக் காற்றும் சேமக் கலமும்

சென்னை நகரின் வடபால், இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீண்டு கிடக்கும் கடற்கரைப் பகுதி உழைப்பிற்குப் பெயர் பெற்றது. தென்னிந்தியாவின் முதற் பயணியர் புகைவண்டி 1856 ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்தே புறப்பட்டது. காசிமேட்டில் மீன்பிடி துறைமுகமும், எண்ணூரில் 2001 ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் பெருந்துறைமுகமும் உள்ளன. எண்ணூர் அனல் மின்நிலையம் 1970 ஆம் ஆண்டு தொடங்கி 2017 ஆம் ஆண்டு வரை மின்சாரம் வழங்கியது. அதற்கு வடக்கே, அத்திப்பட்டில் அமைந்த வடசென்னை அனல் மின்நிலையம் 1994 ஆம் ஆண்டில் தன் பணியைத் தொடங்கியது. இவ்வாறு பிற ஊர்களுக்கெல்லாம் மின்சாரம் ஈந்த இப்பகுதியும், மின்சாரம் அற்ற இரவுகளை அறியாததன்று. 2016 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 12 ஆம் நாள் வீசிய வர்தா புயலின்போதும், 2023 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பெருமழை பொழிந்த மிக்ஜாம் புயலின்போதும், சென்னையின் பல பகுதிகள் நாட்கணக்கில் இருளில் ஆழ்ந்தன.

இத்தகைய நாட்களில் தம் வீட்டு விளக்கேனும் எரிதல் வேண்டும் என எண்ணிப் பலர் கூரையின்மேல் சூரிய மின்தகடுகளை அமைத்துக்கொள்கின்றனர். இங்கு ஓர் உண்மையை நாம் நன்கு உணர்தல் வேண்டும். தகடு இருப்பதனாலேயே புயல் நாளில் விளக்கு எரியும் என்பது இல்லை. மின்வாரியத்தின் கம்பியோடு மட்டும் இணைக்கப்பட்ட சூரிய அமைப்பு, அக்கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியைப் பழுது பார்க்கும் தொழிலாளரின் உயிரைக் காக்கும் பொருட்டே அஃது அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. ஆதலின், இருளிலும் புயலிலும் பயன் தர வேண்டுமாயின், பகலில் பெற்ற மின்னாற்றலைச் சேமித்து வைக்கும் கலம் ஒன்று வீட்டில் இருத்தல் வேண்டும். மக்கள் ‘பாட்டரி’ என வழங்கும் இதனையே நூலோர் சேமக் கலம் என்பர். இச்சேமக் கலம் சில வேளைகளில் சீராக மின்னேற்றம் பெறாது தடுமாறுவதுண்டு. அதன் காரணம் யாது, அதனைக் கண்டறியும் முறை யாது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

அமைப்பின் உறுப்புகள்

இத்தாலிய அறிஞர் வோல்ட்டா 1800 ஆம் ஆண்டில் முதன்முதலாக மின்கல அடுக்கினை அமைத்துக் காட்டினார். பிரெஞ்சு நாட்டு அறிஞர் பிளாண்டே 1859 ஆம் ஆண்டில் காரீயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு, மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க கலத்தை ஆக்கினார். ஒன்றரை நூற்றாண்டிற்கு மேலாகியும் அதன் வழிவந்த கலமே இன்றும் எண்ணற்ற இல்லங்களில் பயன்படுகின்றது. ஒளியை நேரே மின்சாரமாக மாற்றும் சிலிக்கன் தகட்டினை அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வுக்கூடத்தார் 1954 ஆம் ஆண்டில் உலகிற்குக் காட்டினர். இவ்விரண்டும் இணைந்ததே நம் வீட்டுச் சூரியச் சேமிப்பு அமைப்பு ஆகும்.

இவ்வமைப்பில் நான்கு உறுப்புகள் உள்ளன. கூரையின்மேல் உள்ள தகடு மின்சாரத்தை ஆக்குகின்றது. சேமக் கலம் அதனைச் சேமிக்கின்றது. இன்வெர்ட்டர் என்னும் கருவி, சேமக் கலத்தின் நேர்மின்னோட்டத்தை வீட்டு விளக்கிற்கும் விசிறிக்கும் ஏற்ற மாறுமின்னோட்டமாக மாற்றுகின்றது. தகட்டிற்கும் சேமக் கலத்திற்கும் இடையே நின்று, எவ்வளவு மின்னோட்டம் செல்லலாம் என அளந்து விடுவது மின்னேற்றக் கட்டுப்படுத்தி ஆகும்.

குழாயடியில் குடத்தில் நீர் பிடிப்பவர், குடம் வெறுமையாக இருக்கும்போது குழாயை முழுமையாகத் திறப்பர்; கழுத்து வரை நிரம்பியவுடன் மெல்லத் திருகிக் குறைப்பர்; நிரம்பியபின் நிறுத்துவர். கட்டுப்படுத்தியும் இவ்வாறே செய்கின்றது. நீர் ஊற்றும் வகையைச் சார்ந்த 12 வோல்ட்டுக் காரீயச் சேமக் கலத்திற்கு, மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட்டு வரும் வரை முழு மின்னோட்டத்தையும் விடுகின்றது. பின்னர் அவ்வழுத்தத்தை மிகாதவாறு ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டே வருகின்றது. கலம் நிரம்பியதும் ஏறத்தாழ 13.6 வோல்ட்டு அளவில் நிறுத்திப் பேணுகின்றது. எளிய கட்டுப்படுத்திகளோ 14.4 வோல்ட்டு எட்டியதும் ஓட்டத்தை அறவே துண்டித்து, அழுத்தம் தாழ்ந்தவுடன் மீண்டும் இணைக்கின்றன. கட்டுப்படுத்தி சேமக் கலத்தின் உள்ளே புகுந்து பார்ப்பதில்லை. தன் முனைகளில் தோன்றும் மின்னழுத்தத்தைக் கொண்டே குடம் நிரம்பியதா இல்லையா எனத் தீர்மானிக்கின்றது. இதனை மாணவர் நினைவிற் கொள்க. பின்னர் வரும் செய்திக்கு இதுவே அடிப்படை.

தடுமாற்றம் தோன்றும் வகை

திருவொற்றியூரில் கடலை அடுத்த ஓர் இல்லத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அங்கு 12 வோல்ட்டு, 150 ஆம்பியர்-மணிச் சேமக் கலம் ஒன்று உள்ளது எனக் கருதுக. காலை பத்து மணிக்கு வெயில் நன்கு அடிக்கின்றது. கட்டுப்படுத்தியின் விளக்கு ‘நிரம்பியது’ எனக் காட்டி மின்னோட்டத்தைத் துண்டிக்கின்றது. சிறிது நேரத்தில் மீண்டும் மின்னேற்றம் தொடங்குகின்றது. உடனே மீண்டும் நிற்கின்றது. நாள் முழுதும் இவ்வாறே நிகழ்கின்றது. இரவு ஒன்பது மணிக்கெல்லாம் இன்வெர்ட்டர் கூவி நின்றுவிடுகின்றது. மூச்சுத்திணறல் உடைய முதியவர் ஒருவர் அவ்வீட்டில் இருப்பின், மருந்தை ஆவியாக்கித் தரும் கருவி நள்ளிரவில் நின்றுபோதல் சிறிய துன்பம் அன்று.

இந்நிலையில் பெரும்பாலோர் கூறும் தீர்ப்பு, “பாட்டரி போய்விட்டது, புதியது வாங்குக” என்பதே. அத்தீர்ப்பு சில வேளைகளில் சரியாக இருத்தலும் கூடும். ஆயினும் ஆராயாது அளிக்கப்பட்டமையின் அது தீர்ப்பு ஆகாது. பிழை வேறிடத்தில் இருப்பின், புதிய சேமக் கலமும் அரை வயிற்றோடு நாட்களைக் கழித்து விரைவில் கெடும். காரீயக் கலம் நிரம்பாத நிலையில் நெடுநாள் கிடந்தால், அதன் தகடுகளில் படியும் காரீயச் சல்பேட்டு கெட்டியாகிக் கரையாது நிலைத்துவிடும். அந்நிலையை அடைந்த கலம் தன் கொள்ளளவை இழந்துவிடும். பல திங்கள் உழைத்துச் சேர்த்த பொருள் ஓராண்டிற்குள் வீணாகும். ஆகவே, வாங்குவதற்கு முன் அளத்தல் வேண்டும்.

அளந்து அறியும் முறை

முதற்கண், பிழை என்று நாம் கருதுவது உண்மையில் பிழைதானா என்பதைப் பார்த்தல் வேண்டும். மேகம் சூரியனை மறைத்து விலகும்போது மின்னோட்டம் குறைந்து கூடுதல் இயற்கை. பக்கத்து மாடியின் நிழலோ தண்ணீர்த் தொட்டியின் நிழலோ குறிப்பிட்ட நேரத்தில் தகட்டின்மேல் விழுதலும் உண்டு. வடசென்னையில் கடல் தெளிக்கும் உப்பும், நிலக்கரித் துகளும், சாலைப் புழுதியும் தகட்டின்மேல் படிந்து ஒளியை மறைக்கின்றன. இவை ஓட்டத்தைக் குறைக்குமேயன்றி, ‘நிரம்பியது’ என்னும் பொய்ச்செய்தியைத் தாரா. எனவே, தெளிந்த வானில், கழுவித் துடைத்த தகட்டோடு, நண்பகலை ஒட்டிச் சோதனை செய்தல் நன்று.

அடுத்து, மின்னேற்றம் நடைபெறும்போதே இரண்டு இடங்களில் மின்னழுத்தத்தை அளத்தல் வேண்டும். ஒன்று, கட்டுப்படுத்தியின் சேமக் கல முனைகள். மற்றொன்று, சேமக் கலத்தின் காரீயத் தூண்கள். கம்பியின் நுனியில் உள்ள வளையத்தைத் தொடாது, தூணையே தொட்டு அளப்பது முறை. மின்னோட்டம் 20 ஆம்பியர் செல்லும் வேளையில், நம் எடுத்துக்காட்டு இல்லத்தில் கட்டுப்படுத்தியிடம் 14.4 வோல்ட்டும், சேமக் கலத்திடம் 13.2 வோல்ட்டும் இருப்பதாகக் கொள்வோம். இடையே 1.2 வோல்ட்டு எங்கே மறைந்தது?

ஓம் என்னும் செருமானிய அறிஞர் 1827 ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி இதற்கு விடை கூறுகின்றது. மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால், அத்தடையில் விழும் மின்னழுத்தம் கிடைக்கும். 1.2 வோல்ட்டை 20 ஆம்பியரால் வகுத்தால் 0.06 ஓம் வருகின்றது. ஓர் ஓமின் நூற்றில் ஆறு பங்கே ஆகிய இச்சிறு தடைதான் அவ்வீட்டின் இருளுக்குக் காரணம். கட்டுப்படுத்தி 14.4 வோல்ட்டைக் கண்டு குடம் நிரம்பியது எனத் துண்டிக்கின்றது. ஓட்டம் நின்றவுடன் தடையில் விழுந்த அழுத்தமும் மறைகின்றது. கலத்தின் உண்மை அழுத்தம் 12.8 வோல்ட்டு அளவில் தோன்றுகின்றது. “ஐயோ, குடம் குறைந்துள்ளதே” என அது மீண்டும் இணைக்கின்றது. இவ்வாறே ஊசலாட்டம் தொடர்கின்றது. கருவி பொய் சொல்லவில்லை. அதற்கு வந்து சேர்ந்த செய்தியே பொய்.

மறைந்த 1.2 வோல்ட்டை, வீட்டுச் செலவுக் கணக்கினைப் போல, இடம் இடமாகப் பிரித்துப் பார்க்கலாம். அளவு கருவியின் ஒரு முள்ளைக் காரீயத் தூணிலும் மற்றொன்றை அதன்மேல் இறுக்கிய வளையத்திலும் வைத்தால், அப்பொருத்தில் மட்டும் விழும் அழுத்தம் தெரியும். நல்ல பொருத்தாயின் அது சுழியை ஒட்டியே இருக்கும். நேர்முனைப் பொருத்தில் 0.8 வோல்ட்டு, எதிர்முனைப் பொருத்தில் 0.1 வோல்ட்டு, உருகியில் 0.1 வோல்ட்டு, கம்பிகளில் 0.2 வோல்ட்டு எனக் கிடைப்பின், கணக்கு நேராகின்றது. மூன்றில் இரண்டு பங்கு இழப்பு, விரல் நுனி அளவே உள்ள ஒரு பொருத்தில் நிகழ்கின்றது என்பது வெளிப்படை.

கடற்காற்றின் செயல்

அப்பொருத்து ஏன் கெட்டது? கடற்காற்றில் கலந்துள்ள உப்புத்துகள் உலோகத்தின்மேல் படிந்து, காற்றின் ஈரத்தை ஈர்த்துத் தன்பால் வைத்துக்கொள்ளும். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும் இயல்பினது. செம்பும் காரீயமும் இரும்புத் திருகாணியும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் உப்பு நீர் சேர்ந்தால், அவ்விடமே ஒரு சிறு மின்கலமாகி, உலோகங்களுள் ஒன்று அரிக்கப்படும். இதனோடு, மின்னேற்றத்தின்போது சேமக் கலத்திலிருந்து எழும் அமில ஆவியும் சேர்கின்றது. செம்பின்மேல் பச்சைக் களிம்பும், காரீயத்தின்மேல் வெண்ணிறப் பூப்பும் தோன்றுகின்றன. இவை மின்சாரத்தை எளிதிற் கடத்தா. பகல் வெப்பத்தில் விரிந்தும் இரவில் சுருங்கியும் திருகாணி தளருமாயின், தடை ஒரு நிலையில் நில்லாது கூடிக் குறையும். ஆகவே, கடலினின்று தொலைவில் உள்ள ஊரில் பல்லாண்டு நிலைக்கும் பொருத்து, இக்கடற்கரையில் அதனினும் விரைவில் கெடுதல் இயல்பே.

இதில் பிறிதொரு தீங்கும் உண்டு. மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வெளிப்படும் வெப்பம் கிடைக்கும். 20 ஆம்பியர் ஓட்டமும் 0.06 ஓம் தடையும் 24 வாட்டு வெப்பத்தைத் தரும். அதில் மூன்றில் இரண்டு பங்கு, அஃதாவது 16 வாட்டு, அந்த ஒரு பொருத்திலேயே எழுகின்றது. அருகிலுள்ள கம்பியின் உறை உருகித் தீப்பற்றவும் இது வழியாகும். இரவில் இன்வெர்ட்டர் மிகுதியான ஓட்டத்தை ஈர்க்கும்போது இவ்வெப்பம் இன்னும் பெருகும்.

செப்பனிடும் முறை

பொருத்தினைத் துப்புரவாக்குதல் தேர்ந்த மின்பணியாளரின் வேலை. மாணவர் அருகிருந்து கண்டு குறித்துக்கொள்வதே போதும். சேமக் கலத்தின் அழுத்தம் சிறிதாயினும், அதன் இரு தூண்களையும் ஓர் இரும்புச் சாவி ஒருங்கே தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து சாவி செந்தணலாகும். ஆதலின் மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றி வைத்தல் வேண்டும். மின்னேற்றத்தின்போது ஹைட்ரஜன் வளி வெளிவருகின்றது; காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே தீப்பற்ற வல்லது. எனவே, சேமக் கலத்தை அடைத்த அறையிலோ, விளக்கேற்றி ஊதுவத்தி கொளுத்தும் பூசையறையிலோ வைத்தல் ஆகாது.

முதலில் வீட்டுச் சுமைகளை நிறுத்தி, அடுத்துத் தகட்டின் இணைப்பையும், இறுதியில் சேமக் கலத்தின் இணைப்பையும் நீக்குவர். சமையற் சோடா கரைத்த நீரால் அமிலப் பூப்பைக் கழுவுவர். அந்நீர் கலத்தின் உள்ளே ஒரு துளியும் புகாதவாறு மூடிகளை இறுக்கி வைப்பர். நன்கு உலர்த்தி, உலோகம் ஒளிரும்வரை தேய்ப்பர். அரித்துப்போன வளையத்தை நீக்கி, வெள்ளீயம் பூசிய செம்பு வளையத்தைப் புதிதாக இறுக்குவர். இறுக்கிய பின்னரே மேற்புறத்தில் வாசலின் பூசிக் காற்றும் ஈரமும் அணுகாது காப்பர். கம்பி மெல்லியதாயின் தடித்த கம்பியை இடுவர். அதன் நீளத்தையும் குறைப்பர். மீண்டும் இணைக்கும்போது சேமக் கலம் முதலிலும் தகடு பின்னரும் இணைக்கப்படும். இவை முடிந்தபின், முன் அளந்த இடங்களில் மறுபடியும் அளத்தல் வேண்டும். அளவாமல் ‘சரியாயிற்று’ என்று கூறுதல், தேர்வு எழுதாமலே தேறினோம் எனக் கூறுதல் போன்றது.

பொருத்துகள் நன்றாயின்

இரண்டு இடங்களிலும் அழுத்தம் ஒத்திருந்தும் தடுமாற்றம் நீங்கவில்லையாயின், அப்பொழுது சேமக் கலத்தை ஐயுறலாம். 12 வோல்ட்டுச் சேமக் கலத்தினுள் ஆறு அறைகள் உள்ளன. சில மணி நேரம் சும்மா இருந்தபின் அளந்தால், நிரம்பிய கலம் ஏறத்தாழ 12.7 வோல்ட்டும், பாதி நிறைந்த கலம் ஏறத்தாழ 12.2 வோல்ட்டும் காட்டும். திரவமானியால் ஒவ்வோர் அறையின் அமில ஒப்படர்த்தியையும் காணலாம். ஐந்து அறைகள் ஒத்திருக்க, ஓர் அறை மட்டும் மிகத் தாழ்ந்திருப்பின் அவ்வறையே பழுதுற்றது. குறைந்த நீர்மட்டத்தைக் காய்ச்சி வடித்த நீரால் மட்டுமே நிரப்புதல் வேண்டும். மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடியில் புகுந்துள்ளமை ஆய்வாளர் பலர் கண்ட உண்மை. இக்கடலோரத்துக் கிணற்று நீரை ஊற்றினால், அதிலுள்ள உப்புத் தகடுகளைக் கெடுக்கும்.

வெப்பமும் கருதத்தக்கது. 14.4 வோல்ட்டு என்பது 25 பாகை வெப்பநிலைக்கு உரிய அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் 12 வோல்ட்டுக் கலத்தில் ஏறத்தாழ 0.024 வோல்ட்டுக் குறைத்தல் வேண்டும். 35 பாகையில் 14.16 வோல்ட்டே போதுமானது. தகரக் கூரையின் கீழ் வைத்த கலத்திற்கு இத்திருத்தம் செய்யாவிடில், அது மிகை மின்னேற்றம் பெற்று நீரை இழக்கும். அண்மைக் காலத்தில் பரவி வரும் இலித்தியக் கலங்களிலோ, உள்ளே உள்ள காவற்கருவி ஓர் அறை தன் எல்லையை எட்டியவுடன் முழுக் கலத்தையும் துண்டிக்கும். அதுவும் வெளியே இதே தடுமாற்றமாகவே தோன்றும். ஆகவே, கலத்தின் வகைக்கு ஏற்பக் கட்டுப்படுத்தியில் அளவுகளைக் குறித்தல் இன்றியமையாதது.

இத்தனை சோதனைக்கும் பின் கலம் பழுதே எனத் தெளிந்தால், அதனைத் தெருவில் உடைப்பாரிடம் விற்றல் தகாது. காரீயம் கொடிய நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது தாக்கும். இவ்வளவு உட்சென்றால் தீங்கில்லை எனக் கூறத்தக்க அளவு எதுவும் இல்லை என உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்துள்ளது. இந்திய அரசு 2022 ஆம் ஆண்டில் வகுத்த விதிகளின்படி, பழைய கலங்களைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சி செய்யும் பொறுப்பு அவற்றை ஆக்குவோரைச் சார்ந்தது. ஆதலின், புதியது வாங்கும் கடையிலேயே பழையதை ஒப்படைத்தல் நம் கடமையாகும்.

நம் எடுத்துக்காட்டு இல்லத்தில் தேவைப்பட்டது புதிய சேமக் கலம் அன்று. ஒரு வளையமும், சிறிது வாசலினும், அளந்து பார்க்கும் பொறுமையுமே. கடலோரத்தில் வாழ்வோர், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஆண்டுதோறும் ஒருமுறை இப்பொருத்துகளைச் சோதித்துத் துப்புரவு செய்வாராயின், புயல் வீசும் இரவில் அவர்தம் இல்லத்து விளக்கு அணையாது நிற்கும்.

பயிற்சி

1. மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்த சூரிய அமைப்பு புயல் நாளில் பயன்படாமை ஏன்?
2. கட்டுப்படுத்தி ‘நிரம்பியது’ எனப் பொய்யாகக் காட்டுவது எவ்வாறு நிகழ்கின்றது?
3. ஒரு பொருத்தின் தடை 0.04 ஓம், மின்னோட்டம் 15 ஆம்பியர். அங்கு விழும் மின்னழுத்தத்தையும் எழும் வெப்பத்தையும் கணக்கிடுக.
4. உங்கள் ஊரில் காற்றும் நீரும் உலோகப் பொருள்களை எவ்வாறு மாற்றுகின்றன என்பதைக் கண்டு ஒரு பத்தி வரைக.